பன்னிரண்டு ஆணிகளும் ஒரு தலையணை உறையும்

மைமூனாவை நான் முதன்முதலாகத் தேடிப் போனது சண்டை பிடிப்பதற்காக. யாழ்ப்பாண நகரத்துப் பாடசாலை ஒன்றில் நான் மனையியல் படிப்பிக்கிறேன். அந்த வருடம் பத்தாம் வகுப்புப் பிள்ளைகள் முப்பத்திரண்டு பேரிடம் வீட்டிலிருந்து தைத்துக் கொண்டுவரச் சொல்லிப் பூத்தையல் ஒப்படை கேட்டிருந்தேன். வந்து சேர்ந்தவற்றில் பதினொன்று ஒரே கையால் தைக்கப்பட்டிருந்தன. நூல் தொடங்குகிற இடத்தில் முடிச்சு இல்லை. துணியின் பின்பக்கத்தில், தேடினால் மட்டும் தெரிகிற மாதிரி, மூன்று குட்டிப் பின்தையல். எங்கள் பாடப் புத்தகத்தில் அப்படி ஒரு முறை கிடையாது. இதைக் கண்டுபிடித்தபோது நான் புள்ளி போட்டு முடித்திருந்தேன். ஒரே கைக்கு அறுபத்திரண்டிலிருந்து தொண்ணூற்றொன்று வரை விதம் விதமாகப் போட்டிருந்தேன். எனக்கு வந்த கோபத்தில் பாதி என்மேல் வந்தது.

பிள்ளைகளை அதட்டியதில் விலாசம் கிடைத்தது. ஐந்து சந்தி என்கிற இடத்துக்குப் பக்கத்தில் ஒரு சின்ன ஒழுங்கை, ரெய்லர் றஹீமின் வீடு, அவருடைய மனைவி. கேற்றைத் தட்டினேன். நாற்பத்தைந்து வயது மதிக்கத்தக்க, சிறிய உருவமுள்ள பெண் ஒருத்தி ஊசியை முக்காட்டுத் துணியின் ஓரத்தில் குத்திக்கொண்டு வந்து திறந்தாள். நான் யார் என்று சொன்னதும் அவள் பயப்படவில்லை. கதிரையை இழுத்துப் போட்டாள்.

"எந்தப் பிள்ளைக்கு ரீச்சர் கூடப் போட்டனீங்கள்?"

தொண்ணூற்றொன்று எடுத்த பிள்ளையின் பெயரைச் சொன்னேன்.

"அது நான் புத்தளம் போகேக்கை பஸ்ஸுக்குள்ளை இருந்து தைச்சது. குறைய?"

அறுபத்திரண்டு எடுத்த பிள்ளையைச் சொன்னேன்.

"அதுக்கு ரெண்டு கிழமை மினக்கெட்டனான்" என்றாள்.

அன்று நான் சண்டையில் தோற்றேன். இனிமேல் பாடசாலை ஒப்படைகளைத் தொடுவதில்லை என்று அவள் வாக்குத் தந்தாள். அந்த வாக்கை அடுத்த மாரி வரைக்கும் காப்பாற்றினாள். நானோ மறு கிழமையே என்னுடைய பழைய சேலைகள் மூன்றைக் கொண்டுபோய், எனக்கு ஓர் ஒட்டுப்போர்வை தைத்துத் தரச் சொல்லிக் கொடுத்துவிட்டு வந்தேன். இது நடந்து நாலு வருடமாகிறது. போர்வை இன்னும் வரவில்லை.

ஒட்டுப்போர்வை என்றால் வேறொன்றுமில்லை. பழைய சேலை, சாரம், சட்டைத் துணிகளைச் சதுரம் சதுரமாக வெட்டி, ஒன்றோடொன்று பொருத்தி மேற்பக்கம் செய்வாள். அடியில் ஒரு முழுத்துணி. நடுவில் மெத்தென்று இருக்க ஒரு பழைய பருத்தி விரிப்பு. மூன்றையும் சேர்த்து, அங்குலத்துக்கு ஏழு தையல் கணக்கில், கையாலேயே நூலோட்டி எடுப்பாள். ஒரு பெரிய போர்வைக்கு இரண்டு மாதம் போகும். அந்த இரண்டு மாதமும் தொடர்ந்து வந்தால்தானே?

அவளுடைய முன்னறைச் சுவரில் பன்னிரண்டு ஆணிகள் இருக்கின்றன. றஹீம் அடித்துக் கொடுத்தவை. ஒவ்வோர் ஆணியிலும் ஒரு சொப்பிங் பை, ஒவ்வொரு பைக்குள்ளும் ஒரு வேலை. வாசல் பக்கத்து ஆணி அவசரம். அங்கிருந்து உள்ளே போகப் போக அவசரம் குறையும். காலம் மாற மாறப் பைகள் ஆணி மாறும். என்னுடைய பை பன்னிரண்டாவதில் தொங்குகிறது. அது மாறிய ஞாபகம் எனக்கில்லை.

யாழ்ப்பாணத்தில் போர்வை தேவைப்படுகிற குளிர் தை மாதத்தில் ஒரு இருபது நாள் வரும். அந்த இருபது நாளில்தான் ஊரில் எல்லோருக்கும் போர்வை ஞாபகம் வரும், அதுவும் நாளைக்கே வேண்டும் என்று வரும். மைமூனா "வாற கிழமை" என்பாள். வாற கிழமை வெயில் வந்துவிடும், கேட்டவர்கள் மறந்துவிடுவார்கள். அதற்குப் பிறகு நோன்பு. பெருநாளைக்குப் பின்னல் தொப்பி கேட்டு ஆட்கள் வருவார்கள். நோன்பு வருடத்துக்கு வருடம் பத்துப் பதினொரு நாள் முன்னே வந்துகொண்டிருப்பதால் தொப்பிப் பை மட்டும் எந்த ஆணிக்கும் கட்டுப்படாது. சித்திரையும் வைகாசியும் குருநகர்க் கத்தோலிக்கருக்கு. தேவாலயத்தில் முதல்நன்மை எடுக்கிற பெண்பிள்ளைகளின் வெள்ளைச் சட்டைகளுக்கு ஓரத்தில் ரேந்தை பின்னி வைக்க வேண்டும். அந்த வெக்கையில் விரல் வேர்த்து வெள்ளையில் கறை படும் என்று பத்து நிமிடத்துக்கு ஒருமுறை எழும்பிப் போய்ச் சவர்க்காரம் போட்டுக் கை கழுவுவாள். பிறகு தென்மேற்கிலிருந்து சோளகக் காற்றுக் கிளம்பும். காற்றோடு புழுதி. யன்னல்களைச் சாத்திவிட்டு உள்ளே இருந்து அவிய வேண்டியதுதான். அந்த நேரம் பார்த்து நல்லூர்த் திருவிழாவும் வெளிநாட்டுக்காரரும் சேர்ந்து வருவார்கள். அம்மாவின் சேலைகளில் போர்வை வேண்டும், சனிக்கிழமை பிளைற் என்பார்கள். ஆவணியில் கலியாணச் சட்டைகளுக்கு மணி கோர்ப்பது. ஐப்பசியில் மழை பிடித்தால் மார்கழி வரை ஒன்றும் காயாது, பைகளுக்குள் பூஞ்சணம் கட்டும். அப்போதுதான் பாடசாலை ஒப்படை. நான் அந்தப் பருவத்தில் வருகிற காய்ச்சல்.

றஹீம் நகரத்துக்குள் ஒரு சின்னத் தையல்கடை வைத்திருக்கிறார். மெஷின்காரர். மத்தியானம் சாப்பிட வருகிறபோது மனைவியின் மடியில் கிடப்பதைப் பார்த்துவிட்டு, "உதை மெஷினிலை விட்டால் அரை மணித்தியாலம்" என்பார். கலியாணம் முடித்த நாளிலிருந்து சொல்லிக்கொண்டு வருகிறாராம்.

"அப்ப விடுங்கோவன்" என்பாள் மைமூனா.

அவர் விட்டதில்லை. சாப்பிட்டுவிட்டுப் படுத்துவிடுவார்.

இந்த வருடம் மாசிக் கடைசியில், நோன்பு நேரம், கொடிகாமத்திலிருந்து பாலேஸ்வரி என்ற அம்மா வந்தார். அறுபத்தைந்து வயதுக்கு மேலிருக்கும். தோட்டம் செய்கிற குடும்பம். கணவர் ஏரம்பு சில வருடங்களுக்கு முன் காலமாகிவிட்டார். மகள் தனுசியா கனடாவில். ஒரு கையில் துணிப் பை, மறு கையில் ஒரு கட்டு முருங்கைக்காய். நானும் அன்றைக்கு என்னுடைய பையை விசாரிக்கப் போய் அங்கே உட்கார்ந்திருந்தேன். பாலேஸ்வரி அம்மாவுக்குத் தேத்தண்ணி வந்தது. "நீர் குடிக்கேல்லையோ பிள்ளை?" என்று மைமூனாவைக் கேட்டார். நோன்பு என்று தெரிந்ததும் தானும் குடிக்க மாட்டேன் என்று அடம்பிடித்தார். கடைசியில் நான் குடித்தேன்.

மகளுக்குப் பிள்ளை பிறக்கப் போகிறது. பார்த்துக்கொள்ள ஆவணியில் அம்மா கனடா போகிறார். கொண்டுபோக ஒரு சின்னப் போர்வை வேண்டும். வீட்டிலிருந்த பழைய துணிகளைக் கொண்டு வந்திருந்தார்.

"பிறந்த பிள்ளையைப் புதுத்துணியிலை கிடத்தப்படாது எல்லோ. முப்பத்தொண்டாம் நாள் கழியுமட்டும் பழந்துணிதான். ஆரும் படுத்து, உடுத்து, தோய்ச்சுத் தோய்ச்சு மெதுவானதாய் இருக்கவேணும். புதுசிலை கிடத்தினால் பிள்ளை தங்காது எண்டு எங்கடை பக்கத்திலை சொல்லுறவை. அங்கை ஆஸ்பத்திரியிலையே புதுசைச் சுத்திக் குடுக்கினமாம். நினைக்கவே நெஞ்சு பதறுது."

ஒவ்வொரு துணியாக எடுத்து மேசையில் வைத்தார். ஏரம்புவின் வேட்டி, தன்னுடைய நூல்சேலை இரண்டு, தனுசியாவின் பாடசாலைச் சட்டை. கடைசியாக ஒரு தலையணை உறை. வெள்ளையாக இருந்து பழுத்துப்போன துணி. ஒரு மூலையிலிருந்து மறு மூலைக்கு ஒரு மாதுளைக் கொப்பு, இரண்டு பூ, ஒரு காய், பச்சை இலைகள். நூலின் நிறம் மங்கியிருந்தது. வேலை மங்கவில்லை. நான் வாத்தியார் புத்தியில் மனத்துக்குள் தொண்ணூற்றைந்து போட்டேன்.

"இதை நடுவிலை வையும் பிள்ளை. வெட்டாமல், இந்தப் பூ முழுசாத் தெரியவேணும். இதிலைதான் நான் டிலக்ஷனைக் கிடத்தினது. என்ரை மூத்தவன். தொண்ணூறாம் ஆண்டு கார்த்திகையிலை பிறந்தவன்."

டிலக்ஷன் இரண்டாயிரத்து ஒன்பதில், கடைசி யுத்தத்தில், வன்னியில், பதினெட்டு வயதில் இறந்துவிட்டான். இடம்பெயர்ந்து இடம்பெயர்ந்து அவனுடைய படம் ஒன்றுகூட மிஞ்சவில்லை. அவன் தொட்ட பொருளென்று இந்த உறைதான் இருக்கிறது. இவ்வளவையும் அவர் அழாமல் சொன்னார். மைமூனா தன்னுடைய கணக்குக் கொப்பியில் துணிகளை எழுதிக்கொண்டாள். ஆவணி முதல் கிழமை என்று நாளும் எழுதினாள்.

அவர் போனதும் அவள் அந்த உறையைப் புறம் மாற்றினாள். நான் எட்டிப் பார்த்தேன். முடிச்சு இல்லை. மூன்று குட்டிப் பின்தையல்.

"இது எங்கடை உம்மாடை வேலை" என்றாள்.

நான் நம்பவில்லை. அப்படித் தைக்கிறவர்கள் நாலு பேர் இருக்க மாட்டார்களா என்று கேட்டேன். அவள் திருப்பிப் பிடித்து, கொப்பின் கீழ்ப்பகுதியில் ஓர் இலையைத் தொட்டுக் காட்டினாள். மற்ற இலைகளெல்லாம் கொப்பை விட்டு வெளியே போக, அது மட்டும் தலைமாறி, நுனியைக் கொப்புக்குள் குத்திக்கொண்டு நின்றது.

"இந்த இலை நான் தைச்சது."

அது தொண்ணூறாம் ஆண்டு. அப்போது அவளுக்குப் பதினான்கு வயது. ராத்தாவுக்கு, அதாவது அவளுடைய அக்கா மர்ழியாவுக்கு, கார்த்திகையில் கலியாணம் வைத்திருந்தார்கள். மாப்பிள்ளை பெண் வீட்டுக்கு வருவது வழக்கம் என்பதால் அறையை ஆயத்தப்படுத்த வேண்டும். உம்மா எட்டு மாதமாக இருந்து பதினான்கு தலையணை உறை தைத்தார். மைமூனா கெஞ்சிக் கூத்தாடி ஒரே ஓர் இலை வாங்கித் தைத்தாள். தலைமாறிப் போய்விட்டது. அழுதுகொண்டு பிரிக்கப் போனவளை உம்மா தடுத்து, "கிடக்கட்டும். மாப்பிள்ளை இலை பாக்க வரேல்லை" என்றாராம். தோய்த்து, கஞ்சி போட்டு, அயன் பண்ணி அலுமாரிக்குள் அடுக்கினார்கள். ஐப்பசி கடைசியில், யாழ்ப்பாணத்து முஸ்லிம்கள் எல்லோரும் இரண்டு மணித்தியாலத்தில் ஊரை விட்டு வெளியேற வேண்டும் என்று இயக்கத்துக்காரர் அறிவித்தார்கள். உடுத்திருந்த உடுப்போடு போனார்கள். கலியாணம் புத்தளத்தில், அகதி முகாமில், ஓலைக் கொட்டிலுக்குள், ஒரு பாயில் நடந்தது. உம்மா அதற்குப் பிறகு ஊசியைத் தொடவில்லை. பன்னிரண்டு வருடத்தில் அங்கேயே மவுத்தாகி அடக்கமானார். அவருடைய கை பட்ட துணி உலகத்தில் எங்கும் இல்லை என்று மைமூனா, யாழ்ப்பாணத்துக்குத் திரும்பி வந்த பிறகும், இத்தனை வருடமும் நினைத்திருந்தாள்.

"ஒருத்தரும் படுக்கேல்லை ரீச்சர். புத்தம் புதுசு. கஞ்சி மொடமொடப்புக்கூடப் போகேல்லை. பாவம் அந்த மனிசி, பழந்துணி எண்டு நினைச்சுக்கொண்டு பிள்ளையைக் கிடத்தியிருக்கு."

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "கேளுங்கோ அக்கா. உங்கடை சாமான். நீங்கள் கேளாட்டில் நான் கேக்கிறன்."

"என்னெண்டு கேக்கிறது? அது அவவின்ரை பிள்ளை படுத்தது."

"உங்கடை உம்மா தைச்சது."

"ஓம்" என்றாள். உறையை மடித்துப் பைக்குள் வைத்து, ஐந்தாவது ஆணியில் கொழுவினாள்.

கொதித்துக்கொண்டு வீட்டுக்குப் போனேன். எங்கள் முன்னறையில் பித்தளை ஊசல் வைத்த சுவர்க் கடிகாரம் ஒன்று இருக்கிறது. எனக்கு ஒன்பது வயதாக இருக்கும்போது, அதே தொண்ணூறாம் ஆண்டுக் கார்த்திகையில், அப்பா சைக்கிளில் கட்டிக்கொண்டு வந்தது. முப்பத்தைந்து வருடம் அதில் நேரம் பார்த்துத்தான் பள்ளிக்கூடம் போயிருக்கிறேன். "அப்பா, உது எங்கை வாங்கினது?" என்று கேட்டேன். "வித்தவங்கள், வாங்கினன்" என்று சொல்லிவிட்டு அப்பா செய்தியின் சத்தத்தைக் கூட்டினார். நானும் மேலே கேட்கவில்லை. அடுத்த முறை மைமூனா வீட்டுக்குப் போனபோது அவளிடம் கேளுங்கோ என்று நான் சொல்லவுமில்லை. எனக்கு வெட்கமாக இருந்தது.

அதற்குப் பிறகு நான் கண்டது ஒரு புதுமை. மைமூனா பன்னிரண்டு பையையும் பிந்தச் செய்கிறவள்தான். ஆனால் எதையும் வேண்டுமென்று பிந்த விட்டதில்லை. இந்தப் பையை விட்டாள். பங்குனியில் பாலேஸ்வரி அம்மா தொலைபேசி எடுத்தபோது நோன்பு, கண் இருளுது என்றாள். சித்திரையில் வெக்கை, கை வேர்க்குது என்றாள். வைகாசியில் முதல்நன்மைச் சட்டைகள். ஆனியில் சோளகம், துணியிலை புழுதி ஒட்டுது என்றாள். இவ்வளவும் உண்மைதான். அதே வெக்கையிலும் அதே புழுதியிலும் ஒன்பது வேலை முடித்து அனுப்பினாள் என்பதும் உண்மை. ஐந்தாவது ஆணிப் பையை வாரத்துக்கு ஒருமுறை இறக்குவாள். உறையை விரித்து அந்த இலையைப் பார்ப்பாள். திரும்பக் கொழுவுவாள்.

வழி சொன்னவர் றஹீம். மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு, பல்லுக் குத்திக்கொண்டே சொன்னார்.

"அதே மாதிரி ஒண்டு தைச்சு வைச்சு விடன். உம்மாடையை நீ வைச்சிரு. அந்த அம்மாவுக்கு என்ன தெரியப்போகுது?"

மைமூனா அவரை முறைத்தாள். கூடாது, ஹறாம் என்றாள். மறுநாள் தைக்கத் தொடங்கினாள்.

பழைய பொப்பிளின் துணியொன்றை எங்கோ தேடி எடுத்தாள். நூலைத் தேயிலைச் சாயத்தில் ஊறவைத்து மங்கச் செய்தாள். மாதுளைக் கொப்பு அப்படியே அச்சொட்டாக வந்தது. தோய்த்து வெயிலில் போட்டாள், திரும்பத் தோய்த்தாள், திரும்பப் போட்டாள். ஒரு மாதத்தில் முப்பத்தைந்து வருடப் பழசாக்கினாள். மிஞ்சியது தலைமாறிய இலை. அதுதான் வரவில்லை. தலைமாற்றித் தைப்பது சுலபம். அந்தப் பதினான்கு வயதுப் பிள்ளை நூலை ஓரிடத்தில் இழுத்தும் ஓரிடத்தில் தளர்த்தியும் தைத்திருந்த மாதிரி அவளுடைய கை தைக்க மறுத்தது. மூன்று முறை தைத்தாள். மூன்று முறையும் அழகாக வந்தது. மூன்று முறையும் பிரித்தாள்.

"ரீச்சர், உங்கடை வகுப்பிலை நல்லாப் பிழை விடுற பிள்ளை ஆரும் இருக்குதோ?" என்று கேட்டாள்.

"முப்பது பேர் இருக்கினம்" என்றேன்.

கடைசியில் ஊசியை இடது கையில் பிடித்துத் தைத்தாள். சரியாகப் பிழைத்தது.

ஆடி முடிகிற நேரம் போர்வையும் முடிந்திருந்தது, நடுச்சதுரம் ஒன்றைத் தவிர. அந்தப் பை முதலாவது ஆணிக்கு வந்துவிட்டது. பைக்குள் இரண்டு உறைகள். எதை வைத்துத் தைக்கப் போகிறீர்கள் என்று நான் கேட்கவில்லை. எனக்குத் தெரியும் என்றுதான் நினைத்தேன்.

ஆவணி பிறந்து மூன்றாம் நாள். பள்ளிக்கூட விடுமுறை, நானும் மைமூனா வீட்டில் இருந்தேன். சோளகம் கூரையைப் பிய்க்கிற மாதிரி அடித்துக்கொண்டிருந்தது. சொல்லாமல் கொள்ளாமல் கொடிகாமம் பஸ்ஸில் பாலேஸ்வரி அம்மா வந்து இறங்கினார். கண்ணெல்லாம் புழுதி. இன்னும் பத்து நாளில் பிளைற். போர்வையைக் காட்டினோம். தடவிப் பார்த்தார், நல்லது என்றார், மனம் அதில் இல்லை.

"அந்தத் தலையணை உறையை ஒருக்கா எடும் பிள்ளை."

மைமூனா பைக்குள் கையை விட்டாள். கொஞ்ச நேரம் அங்கேயே வைத்திருந்தாள். எடுத்து மேசையில் வைத்தது இந்த வருடம் தைத்த உறை. பாலேஸ்வரி அம்மா அதைக் கையில் எடுத்தார், பூவைத் தடவினார், மடியில் வைத்துக்கொண்டார். ஒரு சந்தேகமும் அவருக்கு வரவில்லை. றஹீம் சொன்னது சரி. அலுவல் முடிந்துவிட்டது.

"பிள்ளை, ஒண்டு கேக்கவேணும். அதுக்குத்தான் வந்தனான். ரெலிபோனிலை கேக்க மனம் வரேல்லை" என்றார் அவர். "இது எங்கையிருந்து வந்தது எண்டு எனக்குத் தெரியும். உங்கடை ஆக்கள் போனபிறகு சாமானெல்லாம் குவிச்சு வைச்சு வித்தவை. என்ரை இவர் போய் ஒரு கட்டு வாங்கிக்கொண்டு வந்தவர். பிறக்கப்போற பிள்ளைக்குப் பழந்துணி வேணும் எண்டு நான்தான் அனுப்பினது. எல்லாரும் வாங்கினவை. அதுகும் பாவம்தான். அதை நான் இல்லையெண்டு சொல்லேல்லை."

மைமூனா மேசையில் கிடந்த நூற்கட்டையை எடுத்துக் கைக்குள் வைத்துக்கொண்டாள்.

"மாமி அண்டைக்கே சொன்னவ. உதிலை கஞ்சி மணக்குது, உது புதுசு, பிள்ளையைக் கிடத்தாதை எண்டு. நான் கேக்கேல்லை. பூ வடிவாக் கிடந்தது. ஆசையிலை கிடத்திப்போட்டன். அவன் போனபிறகு எனக்கு வேறை யோசினை இல்லை. இவரிட்டையும் சொல்லேல்லை. ஒருத்தரிட்டையும் சொல்லேல்லை." அவருடைய கை உறையை மடிப்பதும் விரிப்பதுமாக இருந்தது. "நீர் துணி தெரிஞ்ச ஆள். பாத்துச் சொல்லும். அந்த நேரம் இது பழசோ, புதுசோ? புதுசெண்டால் நான் கொண்டுபோகேல்லை. அந்தப் பிள்ளைக்கும் ஒண்டு வரவேண்டாம். நீரே வைச்சிரும்."

புதுசு என்று ஒரு சொல்லுச் சொன்னால் போதும். அது உண்மையும்கூட. உம்மாவின் உறை களவு இல்லாமல், கேட்காமல், அவள் கைக்கு வந்துவிடும். நான் மைமூனாவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். சொல்லு, சொல்லு என்றுதான் என் மனம் அடித்துக்கொண்டது.

"தாங்கோ பாப்பம்" என்று மைமூனா உறையை வாங்கினாள். யன்னல் கண்ணாடியடிக்குக் கொண்டுபோய் வெளிச்சத்தில் பிடித்தாள். பிறகு திரும்பி, "அக்கா, நான் மாறி எடுத்துப்போட்டன். இது வேறை ஆளின்ரை" என்றாள். பையைத் திறந்து மற்றதை எடுத்தாள். "உங்கடை இது."

பாலேஸ்வரி அம்மா இரண்டையும் மாறி மாறிப் பார்த்தார். "ரெண்டும் ஒண்டு போலை கிடக்கு."

"மாதுளை எல்லாரும் தைக்கிறதுதானே." அவள் உம்மாவின் உறையைப் புறம் மாற்றி, நூலை நகத்தால் நீவிக் காட்டினாள். "இஞ்சை பாருங்கோ. இழை எல்லாம் ஒண்டோடை ஒண்டு படிஞ்சு போச்சு. இது அந்த நேரமே ஏழெட்டு வரியம் பாவிச்ச துணி. கஞ்சி எங்கடை ஆக்கள் பழசுக்கும் போடுறவைதான். இதிலை ஆரோ நல்லாப் படுத்து எழும்பியிருக்கினம் அக்கா. பழசுதான். நல்ல பழசு."

"வடிவாத் தெரியுமோ?"

"எனக்குத் தெரியாட்டில் ஆருக்குத் தெரியும்?"

பாலேஸ்வரி அம்மா உறையை வாங்கி முகத்தில் வைத்துக்கொண்டு அழுதார். மகன் இறந்ததைச் சொன்ன அன்று வராத அழுகை, அடக்க முடியாமல் வந்தது. நான் எழும்பி யன்னலைச் சாத்தினேன். சாத்தித்தான் இருந்தது.

மைமூனா அவரை அங்கேயே இருத்திவைத்து, அவர் கண் முன்னாலேயே அந்த உறையை நடுச்சதுரத்தில் பொருத்திச் சுற்றிவர நூலோட்டினாள். தலைமாறிய இலை வருகிற பக்கத்தில் அவளுடைய விரல் ஓரிரு தையல் நின்று போனது. அரைநாள் பிடித்தது. போர்வையை மடித்துப் பைக்குள் போட்டுக் கொடுத்தாள். பாலேஸ்வரி அம்மா அவளுடைய இரண்டு கையையும் பிடித்து, "நீர் நல்லாயிருக்கவேணும் பிள்ளை" என்று சொல்லிவிட்டு மூன்றரை பஸ்ஸுக்குப் போனார்.

முதலாவது ஆணி வெறுமையாக இருந்தது. மைமூனா ஒரு கலியாணச் சட்டையை எடுத்து அதில் கொழுவினாள். பிறகு தொப்பியா, ரேந்தையா என்று பைகளைத் துழாவி, அடுத்த வருடத்து முதல்நன்மைக்கென்று வந்த குருநகர்ப் பிள்ளை ஒன்றின் வெள்ளைச் சட்டையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். ஊசியில் நூல் கோர்த்தாள்.

எனக்குப் பொறுக்கவில்லை. "ஒரு சொல்லுச் சொல்லியிருந்தால் உங்கடை கையிலை வந்திருக்கும். பொய்கூட இல்லை, உண்மை."

"ஓம்."

"பிறகேன்?"

"எனக்கு அது துணி ரீச்சர். அவவுக்குப் பிள்ளை."

இரண்டு தையல் போட்டாள். மூன்றாவதைப் போடவில்லை. ஊசியை முக்காட்டு ஓரத்தில் குத்தினாள். மடியிலிருந்த வெள்ளைச் சட்டையை எடுத்து மடித்து, கண்ணீர் படாத தூரத்தில், மேசையின் அந்தக் கரையில் வைத்தாள். அதற்குப் பிறகு அழுதாள்.